சுவை பார்த்தவன் கையெழுத்து

கலை,

நீ விட்டுவிட்டுப் போன காகிதம் இன்னும் டி.வி. பெட்டிக்கு மேலே, உன் அம்மாவின் தைல டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. பொங்கல் முடிந்து நீ விமானம் ஏறி ஒன்றரை மாதமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் முதலில் உன் அம்மாவின் முட்டி வலியைக் கேட்கிறாய், அப்புறம் தம்பியைக் கேட்கிறாய், கடைசியாகக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அப்பா, கையெழுத்து போட்டியா?" என்கிறாய். முதல் வாரம் கண்ணாடியைக் காணோம் என்றேன். அடுத்த வாரம் பேனா எழுதவில்லை என்றேன். போன வாரம் ஆற அமரப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். இருபத்திரண்டு வருஷம் தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவனுக்கு ஒரு காகிதத்தில் பேரெழுத ஒன்றரை மாதம் ஆகாது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். நீளமாகத்தான் போகும். வேலை இருந்தால் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் படி.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பக்கத்து நிலத்துச் சின்னசாமியின் களத்துக்கு என்னை அழைத்துப் போனாய். "சட்டைய கழட்டுப்பா" என்றாய். "வாட்ச்சயும் கழட்டு." எனக்கு ஒரே கூச்சம். ஊரில் சட்டையில்லாமல் என்னைப் பார்த்தவர்கள் குறைவு. உன் அம்மாவின் ஈரத் துண்டை வாங்கி என் தலையில் நீயே கட்டினாய். சமையல்காரன்தானே, கரண்டியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "கரண்டி வேணாம்பா, முறம் புடி. அங்க இருக்கிறவங்களுக்கு முறம்தான் புடிக்கும்" என்றாய். சின்னசாமியின் சாமையைச் சின்னசாமியின் முறத்தில் அள்ளிக்கொண்டு, வாழ்நாளில் ஒரு நாளும் தலைப்பாகை கட்டாத நான், தலைப்பாகையோடு சிரித்தேன். சின்னசாமி ஓரமாக நின்று, "இன்னாண்ணா, மாப்ள மாதிரி கீற" என்று கிண்டல் செய்தான். அந்தப் படம் அமெரிக்காவில் கடை கடையாக உன் கம்பெனித் தீனிப் பாக்கெட்டின் மேல் தொங்கப்போகிறது என்று அவனிடம் நீ சொன்னதும் கிண்டலை விட்டுவிட்டான். வருகிற ஆடியில் மேட்டு நிலம் முழுக்கச் சாமை போடப்போகிறானாம். வழியில் பார்க்கும்போதெல்லாம், "கையெழுத்து போட்டாச்சாண்ணா?" என்று அவனும் கேட்கிறான்.

காகிதத்தில் இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் எழுதித் தனித்தாளாகக் குத்தி வைத்திருக்கிறாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் வரப்போகிற கதை. "இவர் ஒரு மலைப் பள்ளியின் சமையல்காரர். அரசாங்கத்துப் பானையிலிருந்து ஒரு பருக்கையைக்கூடத் தன் மகளுக்குத் தராத நேர்மையாளர். மலைச் சாமையைப் போட்டே அவளை வளர்த்தார். அந்தச் சாமையைத்தான் இன்று அவள் உங்கள் குழந்தைகளுக்குத் தருகிறாள்." இதில் சொல்லியிருப்பதெல்லாம் உண்மை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். நீ நம்பி எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து நம்புகிறாய். கல்லூரியில் பேச்சுப்போட்டியில்கூட இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாய். நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. மகள் வாயால் நல்லவன் என்று கேட்டுக்கொண்டிருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த காலம் உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். தங்கிப் படிக்கிற பள்ளி. எட்டுப் பத்து மைல் தள்ளியிருக்கிற சிற்றூர்களிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்பனும் ஆத்தாளும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார்கள். பார்த்தால் அழுகை வந்துவிடும் என்றுதான். வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் ஆக்கிய ரேஷன் அரிசிச் சோறும் தண்ணீர்ச் சாம்பாரும் இறங்கவில்லை. திங்கட்கிழமை வந்தவர்கள் புதன்கிழமை ஓடிவிடுவார்கள். ஒரு முறை இரண்டு பெண் பிள்ளைகள் காட்டு வழியே ஓடிவிட்டார்கள். ஊரே வேலையை விட்டுவிட்டுப் பகல் முழுக்கத் தேடியது. ஓடைக்கரையில் நெல்லிக்காய் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். "ஏம்மா ஓடியாந்தீங்க?" என்று கேட்டதற்கு அதில் சின்னவள், "உன் சோறு நல்லால்ல" என்றாள். வார்டன் என்னைக் கூப்பிட்டு, "இன்னாய்யா, நீ ஆக்கறது மாட்டுக்கா, புள்ளைங்களுக்கா? புள்ளைங்க நிக்கலன்னா பள்ளிக்கூடத்தயே இழுத்து மூடிடுவாங்க, தெரியுமா?" என்று கத்தினார். அவர் கத்தியதைவிட அந்தச் சின்னவள் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த வாரம் காய் வாங்கத் திருப்பத்தூர் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் சோற்றை வறுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு கூட்டம். நான் ஒரு ஓரமாக நின்று அந்த ஆளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில்காரனை இன்னொரு தொழில்காரனுக்குத் தெரிந்துவிடும். கூட்டம் குறைந்ததும் அவனே சொன்னான்: "நாக்கு ஒண்ணு கேட்டுக்கினே இருக்கும்ணா. அத குடுத்துட்டா வயிறு வாயத் தொறக்காது." சீனச் சமையலில் தூவுகிற சுவை உப்பு, சர்க்கரை, மசாலாப் பொடி, மேலே ஒரு கரண்டி சூடான பாமாயில். எது எவ்வளவு என்று அவன் கணக்காகச் சொல்லவில்லை. அதை நானும் நீயும் சேர்ந்து கண்டுபிடித்தோம். உனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விட்டதும் சமையல்கட்டு வாசலில் அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, சாப்பிடுகிற பிள்ளைகளைப் பார்ப்பாய். யார் தட்டை வழிக்கிறார்கள், யார் விரலை நக்குகிறார்கள், யார் மறுபடி வரிசைக்கு வருகிறார்கள். "அப்பா, இன்னிக்கி ஏழு பேரு கை நக்கலப்பா." அடுத்த நாள் சர்க்கரையை ஒரு பிடி கூட்டுவேன். "அப்பா, அந்தக் கடேசி வரிசையே ரெண்டாந்தரம் வந்திருச்சி!" அன்றைக்கு உன்னைத் தூக்கிச் சுற்றினேன். ஒரு மாதத்தில் ஓட்டம் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டிய பிள்ளைகள் போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டார்கள். வார்டன் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

அப்படி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி இன்று நர்ஸ், ஒருவன் போலீஸ், அந்த ஓடைக்கரைச் சின்னவள் டீச்சர். அதனால் நான் செய்தது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. சுவை உப்பு விஷமில்லை என்று நீயே படித்துவிட்டுச் சொன்னாய், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நடந்தது வேறு. அறுவடை லீவுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் அம்மா ஆக்கிய சாமைச் சோற்றைத் தள்ளிவிட்டார்கள். புதுச் சாமை, அப்போதுதான் குத்தியது, ஊர் சாமிக்குப் படைத்துவிட்டுப் போட்டது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். லீவு முடிந்து பிள்ளையை விட வந்த மல்லிகா என்கிற அம்மாள் சமையல்கட்டுக்கே வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் ஒரு டம்ளர். "அண்ணே, அந்தப் பொடி கொஞ்சம் குடேன். வூட்டுச் சோறு எறங்க மாட்டேங்குது அதுக்கு. நானும் எத்தினி நாளுதான் பட்டினி போட்டுப் பாக்கறது?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கெஞ்சினாள். நான் டம்ளர் நிறையக் கொடுத்தேன். அடுத்த மாதம் ஏழெட்டுப் பேர் டம்ளரோடு வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் பஸ் நிற்கிற இடத்துக் கடையில் அதே சுவையில் சின்னச் சின்ன நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தன. கடைக்காரனுக்கு வழி காட்டியவன் நான்தான் என்று இந்த மலையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

இப்போது நீ நம்புகிற கதைக்கு வருகிறேன். உன்னை நான் ஆஸ்டல் பானையிலிருந்து ஒரு வாய்கூடத் தின்ன விட்டதில்லை, அது உண்மை. "அது அரசாங்கத்துச் சோறு, நமக்கு வேணாம்" என்று சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு வந்து, உன் அம்மா போட்ட சாமைச் சோற்றுக்கு முன்னால் உட்கார வைப்பேன். நீ ஏக்கமாகப் பார்ப்பாய். ஒரு நாள் தட்டில் போட்டுக்கொண்டு திருட்டுத்தனமாகத் தின்ற உன் கையிலிருந்து தட்டைப் பிடுங்கி அடித்தும் இருக்கிறேன். நேர்மை ஒன்றும் இல்லை, கலை. அரசாங்கத்துச் சோற்றைச் சமையல்காரன் பிள்ளை தின்றால் யாரும் கேட்கப்போவதில்லை, வார்டன் வீட்டுக்கே தூக்குச்சட்டி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சோற்றில் நான் என்ன போட்டேன், எதற்காகப் போட்டேன் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளையின் நாக்கு கெட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன். பள்ளியில் இருந்த நூற்றுப்பத்துப் பிள்ளைகளின் நாக்கைப் பற்றி நினைக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள், நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். நல்லதை வீட்டுக்கும் மற்றதை ஊருக்கும் வைத்துக்கொண்டேன். அதை நீ நேர்மை என்று புரிந்துகொண்டபோது திருத்தாமல் விட்டேன், அதுதான் இரண்டாவது தப்பு.

இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பேரனைப் பார்க்க நானும் உன் அம்மாவும் வந்தோமே, அப்போது உன் ஆபீசில் குடும்பத்தைக் கூட்டிவரலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். நீ எங்களைப் பெருமையாக அழைத்துப் போனாய். ஒரு அறையில் எங்களை உட்கார வைத்தாய். எதிரில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தெரியும், அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம் என்றாய். அங்கே சின்ன நாற்காலிகளில் ஐந்தாறு பிள்ளைகள், ஆளுக்கொரு கிண்ணம். ஒரு பிள்ளை எடுத்துத் தின்றது, விரலை நக்கியது, மறுபடி கையை விட்டது. நீ கையிலிருந்த பலகையில் குறித்துக்கொண்டாய். "கை திரும்பப் போற நேரம்தான்பா எங்களுக்கு முக்கியம்" என்று விளக்கினாய். வாயில் வைத்ததும் கரைந்துபோக வேண்டும், அப்போதுதான் தின்றோம் என்று வயிற்றுக்குத் தெரியாது என்றாய். உன் அம்மா, "புள்ளைங்க எவ்ளோ அழகா துன்னுதுங்க பாருங்க" என்றாள். எனக்கு நம் சமையல்கட்டு வாசல்தான் தெரிந்தது. அரிசி மூட்டை இல்லை, ஏசி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வேலையை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அங்கே எவருக்கும் தெரியாது. கோயம்புத்தூரில் படித்தாய், அமெரிக்காவில் பட்டம் வாங்கினாய் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினோம். ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பங்க் கடையிலிருந்து பை நிறையப் பாக்கெட்டும் கலர் தண்ணீரும் வாங்கிக்கொண்டு, நடைபாதை இல்லாத ரோட்டோரம் நடந்து போனாள். ஏன் காய்கறி வாங்காமல் இதை வாங்குகிறாள் என்று கேட்டேன். "இந்தப் பக்கம் காய்கறிக் கடையே இல்லப்பா. கார் இல்லாதவங்க இங்கதான் வாங்கணும். பஸ்ஸு எப்பவாச்சும்தான் வரும்" என்றாய். அமெரிக்காவிலும் பஸ் இல்லாத ஊர் இருக்கிறதா என்று உன் அம்மா ஆச்சரியப்பட்டாள். வண்டியை எடுத்துக்கொண்டே நீ, "அவங்களாலதான் எங்க கம்பெனி ஓடுது" என்றாய். அன்று மாலை நான் உன் பையனுக்குச் சும்மா ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன், உன் ஆபீசில் பரிசாகக் கொடுத்தது. அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து அதைப் பிடுங்கினாய். "வேணாம்பா, இவனுக்கு இதெல்லாம் பழக்கல" என்றாய். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாய். "எங்க ஆபீஸ்ல யாரும் அவங்க புள்ளைங்களுக்கு இத குடுக்க மாட்டாங்கப்பா." நீ பிடுங்கிய விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். அப்புறம் நாங்கள் மலையிலிருந்து மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த சாமையில் அவனுக்குப் பொங்கல் வைத்துக் கொடுத்தாய். அவன் சப்புக்கொட்டித் தின்றான்.

உன்னைக் குற்றம் சொல்லுகிறேன் என்று நினைக்காதே. எந்த முகத்தோடு சொல்வேன்? நீ சும்மாவும் இருக்கவில்லை. ஒரு தடவை உப்பைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்தில் போராடிக் குறைத்தும் காட்டினாய். பிள்ளைகளின் கை திரும்பப் போக நேரமாகிறது என்று இரண்டே மாதத்தில் பழையபடி ஏற்றிவிட்டார்கள். "நான் இல்லன்னா அந்தக் கண்ணாடிக்குப் பின்னால வேற ஒருத்தி ஒக்காருவாப்பா. நான் இருந்தா ஒரு சிட்டிகையாச்சும் கொறைப்பேன்" என்று சொன்னாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் வேறு ஒரு சமையல்காரன் வருவான், அவன் பருப்பையும் திருடுவான் என்று. சொல்லிக்கொள்வதற்கு நல்ல வார்த்தைகள்தான். தூக்கம் வருவதற்கு உதவும்.

இங்கே உன் தம்பி மகள் யாழினியைப் பற்றிப் போனில் நாங்கள் முழுக்கச் சொல்வதில்லை. அவளுக்கும் உன் பையனுக்கும் ஒரே வயது, நாலு மாதம்தான் வித்தியாசம். தம்பி வேன் ஓட்டப் போகிறான், மருமகள் புளி உடைக்கப் போகிறாள், பிள்ளை எங்களோடுதான். முன்பல் நாலும் கறுத்துவிட்டது. அங்கன்வாடிக்கு வந்த நர்ஸம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லியே, இன்னா குடுக்கறீங்க?" என்று கேட்டாள். நான் சாமை, கேழ்வரகு, கீரை என்று மளமளவென்று சொன்னேன். ஆக்குவது உண்மை. அவள் தின்பதில்லை. சாமைச் சோற்றை வாயில் வைத்தால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளித் துப்பிவிடுவாள். நூற்றுப்பத்துப் பிள்ளைகளைத் தட்டு வழிக்க வைத்தவன், ஒரு பேத்தியை ஒரு வாய் தின்ன வைக்க முடியாமல் அவள் பின்னாலேயே கிண்ணத்தோடு தோட்டம் முழுக்க நடக்கிறேன். போன வாரம் செங்கத்திலிருந்து திரும்பும்போது பஸ் வரவில்லை. வெயில். பிள்ளை கடைச் சரத்தைப் பார்த்து மண்ணில் புரண்டு அழுதாள். பார்க்கிறவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். வாங்கிக் கொடுத்தேன். உடனே அழுகை நின்றது. என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நக்கினாள், ஆரஞ்சு நிறத்தில். நானே வாங்கினேன் என்று உன் அம்மாவிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

யோசித்துப் பார், கலை. நம் சாமை மூட்டை கட்டி உன் பையனுக்குப் போகிறது. உங்கள் ஆபீஸ் கண்டுபிடித்த வித்தை பாக்கெட்டாகி யாழினிக்கு வருகிறது. இதை யார் இப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, யாரைப் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. யோசித்தால் கடைசியில் என் கரண்டியில்தான் வந்து நிற்கிறது. பொங்கலுக்கு நீ கொண்டுவந்த மாதிரிப் பாக்கெட்டை நானும் தின்று பார்த்தேன், சாமைப் பொரி. இதில் சாமை எவ்வளவு என்று கேட்டதற்கு, "ஒரு பிடிக்கு ஒரு சிட்டிகைப்பா, பேருக்குத்தான்" என்றாய். உள்ளதைச் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது. என் கையும் திரும்பப் போனது. மீதியை யாழினி முடித்தாள். தாத்தா படம் போட்டு வரப்போகிறது என்று உன் அம்மா அவளிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பிள்ளை தினமும், "தாத்தா பாக்கெட்டு எப்ப வரும்?" என்று கேட்கிறாள். அது வந்தால் கடைப் பாக்கெட்டு வேண்டாமாம்.

உன் அம்மாவிடம் ஒரு நாள் ஜாடையாகக் கேட்டேன், போடவா வேண்டாமா என்று. "இன்னாங்க யோசன? பொண்ணு கேக்கறா. அவளுக்குப் பெரிய வேல குடுக்கப்போறாங்களாம், இது முடிஞ்சாத்தான் குடுப்பாங்களாம். போட்டுக் குடுங்க" என்றாள். அவள் சொல்வதும் நியாயம். போடாவிட்டால் உன் வேலை நிற்கும், சின்னசாமியின் மேட்டு நிலத்துச் சாமையை வாங்க ஆள் இருக்காது, அந்தப் பாக்கெட்டோ வேறு யாரோ ஒரு தாத்தா படத்தோடு வரத்தான் போகிறது. போட்டால், நான் நேர்மையானவன் என்று ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் அம்மாக்கள் நம்பி வாங்குவார்கள். அந்த ரோட்டோரம் நடந்து போனாளே, அவளும் வாங்குவாள். பெரியவனாக இருந்து உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டிய இடம் இது. வேலையை விட்டுவிடு என்று சொல்லத் தைரியமில்லை. விடாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அறுபத்து நான்கு வயதில் மகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பது வெட்கமாக இருக்கிறது.

பள்ளியில் ஒரு நோட்டு இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீளமான நோட்டு, சமையல்கட்டு ஆணியில் தொங்கும். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் சமையல்காரன் எல்லார் கண் முன்னாலும் ஒரு கை அள்ளித் தின்ன வேண்டும். தின்றுவிட்டு நோட்டில் எழுத வேண்டும்: "சுவை பார்த்தேன். நன்று." கீழே கையெழுத்து. இருபத்திரண்டு வருஷம் எழுதினேன். அந்தப் பொடி வந்த பிறகு ஒரு நாளும் பொய் எழுதவில்லை. சுவை நன்றாகத்தான் இருந்தது. உன் பிள்ளைக்குக் கொடுப்பாயா என்று கேட்கிற கட்டம் அந்த நோட்டில் இல்லை. இருந்திருந்தால் என் பேனா அங்கே நின்றிருக்கும். உன் கம்பெனிக் காகிதத்தையும் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

இன்று காலையில் காகிதத்தை எடுத்துத் துடைத்து வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தம்பி சாயங்காலம் வந்ததும் போனில் படம் பிடித்து அனுப்புவான். உன் வேலைக்குக் குறுக்கே நிற்க என்னால் முடியவில்லை. ஆனால் கையெழுத்துக்கு மேலே, பழைய நோட்டில் எழுதுகிற மாதிரி, தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். உன் ஆபீசில் யாருக்கும் அது படிக்கத் தெரியாது. பட்டிக்காட்டுக் கிழவன் பேரை ஊரோடு சேர்த்து எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அழகாக இருக்கிறது என்று பாக்கெட்டிலேயே அச்சடித்தாலும் அடிப்பார்கள். அது என்ன என்று உன்னிடம் கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. நீ என்ன சொன்னாலும் உன் மேல் எனக்குக் கோபம் வராது, சத்தியமாகச் சொல்கிறேன். நான் தூக்க முடியாததை உன் தலையில் இறக்கி வைக்கிறேன் என்றும் தெரிகிறது. மன்னித்துக்கொள். அந்த வரி இதுதான்:

"சுவை பார்த்தேன். நன்று. என் பிள்ளைக்குக் கொடுத்ததில்லை."

பேரனுக்குச் சாமை தீர்ந்திருக்கும். அடுத்த மூட்டையை உன் அம்மா புடைத்துக்கொண்டிருக்கிறாள். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள்.

அப்பா